முன்கண்ணாடி வெடித்தால் முதலில் கல்லைத் தேடுங்கள்

கனகராயன்குளம் தாண்டி மாங்குளம் நோக்கி வந்துகொண்டிருந்தோம். வானுக்குள் ஏழு பேர். மகரகம வைத்தியசாலைக்குப் போய்த் திரும்பும் இரண்டு குடும்பங்கள். முன்னால் சல்லிக்கல் ஏற்றிய டிப்பர் ஒன்று. படங்கு போட்டிருந்தார்கள், ஆனால் அதன் பின்பக்கம் அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. முந்துவதற்கு இடம் பார்த்து நன்றாக நெருங்கிவிட்டேன். "டக்" என்று ஒரு சத்தம்.

பின் இருக்கையில் இருந்த வயதான அம்மா இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். வானுக்குள் யாரும் சிரிக்கவில்லை. "கல்லுத்தான் அம்மா, கல்லுத்தான்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் நிமிர்ந்து, "கண்ணாடி கொட்டுப்படேல்லையே தம்பி?" என்று கேட்டார்.

கொட்டுப்படவில்லை. என் கண்ணுக்கு நேரே, சற்று இடது பக்கமாக, பயறு அளவில் ஒரு பொட்டு மட்டும். அந்தப் பொட்டில் தொடங்கி ஒன்றரை வருடத்தில் மூன்று முன்கண்ணாடிகளைப் பார்த்துவிட்டேன். லீசிங் கட்டி ஹயர் ஓடுகிற ஒருவனுக்கு அது என்ன செலவு என்பதை இந்த வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கண்ணாடி விலை ஒரு பக்கம், வான் நிற்கிற நாட்களின் வருமானம் இன்னொரு பக்கம். "இப்ப வாற கண்ணாடி எல்லாம் போலி, தொட்டால் வெடிக்குது" என்று நானும் மற்றவர்களைப் போலவே சொல்லித் திரிந்தேன். அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதிக்குக் காரணம் என் வானிலும், நான் ஓடிய விதத்திலும் இருந்தது.

முதலில் அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். வாகனத்தின் பக்கக் கண்ணாடியும் முன்கண்ணாடியும் ஒரே மாதிரியானவை அல்ல. பக்கக் கண்ணாடி, சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து இறுக்கப்பட்ட ஒற்றைக் கண்ணாடி. உடைந்தால் கற்கண்டுத் துண்டுகள் போல முழுவதும் நொறுங்கிக் கொட்டும். முன்கண்ணாடி அப்படி அல்ல. இரண்டு மெல்லிய கண்ணாடிகள், நடுவில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான பிளாஸ்ரிக் படலம். ஒவ்வொரு கண்ணாடியும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர்தான் இருக்கும். கல் படும்போது வெளிக் கண்ணாடி மட்டும் காயப்படுகிறது. உள் கண்ணாடியும் படலமும் தாங்கிக்கொள்கின்றன. முழுவதும் உடைந்தால்கூடத் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டே நிற்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் எடுவார் பெனடிக்ரஸ் என்ற பிரெஞ்சுக்காரர். 1903 ஆம் ஆண்டு அவருடைய ஆய்வுகூடத்தில் ஒரு குடுவை கீழே விழுந்து வெடித்தும் சிதறவில்லை. உள்ளே இருந்த திரவம் காய்ந்து படலமாக ஒட்டியிருந்தது. 1909 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கார்களுக்குப் பரவலாக வருவதற்கு முன்னரே, முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளின் கண்பகுதிக்கு அந்தக் கண்ணாடி போனது. குண்டு விழுந்த அதிர்வில் வீட்டு யன்னல்கள் தெறித்ததைப் பார்த்தவர்களுக்கு, சிதறாத கண்ணாடியின் பெறுமதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்றும் யாழ்ப்பாணத்தில் ஓடுகிற பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் முன்பக்கமும் நொறுங்குகிற வகைக் கண்ணாடிதான் இருந்தது. கல் பட்டால் ஒரு நொடியில் முழுவதும் வெள்ளையாகிப் பாதையே தெரியாது. இப்போது இருப்பதில் ஒரு பொட்டோடு வீடு வந்து சேரலாம். அதைக் குறை சொல்லவே முடியாது.

அப்படியானால் அந்தப் பொட்டு ஏன் இவ்வளவு இலகுவாக விழுகிறது?

கல் பறந்து வந்து எங்களை அடிக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலான நேரம் நடப்பது வேறு. டிப்பரின் பின்பக்க இரட்டை ரயர்களுக்கு இடையே சிக்கிய கல்லோ, பெட்டியில் இருந்து விழுந்து வீதியில் துள்ளிய கல்லோ, டிப்பரின் வேகத்தைப் பெருமளவு இழந்துவிடுகிறது. அது கொஞ்ச நேரம் காற்றில் நிற்கிறது, அவ்வளவுதான். அதில் போய் மோதுவது நாங்கள். அடியின் பலம் பெரும்பாலும் எங்கள் வேகம்.

கணக்கு எளிதானது. இரண்டு மீற்றர் உயரத்துக்குத் துள்ளிய கல், மேலே போய்த் திரும்பி வீதியில் விழ ஏறக்குறைய 1.3 செக்கன் ஆகும். மணிக்கு 70 கிலோமீற்றரில் போகிற வாகனம் அந்த நேரத்தில் 25 மீற்றர் ஓடிவிடும். டிப்பருக்குப் பின்னால் 15, 20 மீற்றரில் ஒட்டிக்கொண்டு போனால் கல் காற்றில் இருக்கும்போதே சந்திப்போம். 60 மீற்றர் தள்ளிப் போனால் அது பெரும்பாலும் வீதியில் விழுந்து உருண்டுவிடும். முன்னால் போகிற வாகனம் ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதில் இருந்து மூன்று செக்கன் எண்ணி, பிறகுதான் நாங்கள் அதே கம்பத்தைத் தாண்ட வேண்டும். 70 இல் அந்த மூன்று செக்கன்தான் ஏறக்குறைய 60 மீற்றர்.

வேகம் கூடும்போது அடி அதே அளவில் கூடுவதில்லை, அதன் வர்க்கத்தில் கூடுகிறது. 40 இல் போகும்போது படுகிற கல்லை விட 70 இல் படுகிற அதே கல்லுக்கு மூன்று மடங்கு சக்தி. எதிரே 60 இல் வருகிற டிப்பரில் இருந்து நேராக எங்கள் பக்கம் விழுகிற கல் என்றால் இரண்டு வேகமும் சேர்ந்து 130. முதலாவதோடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்கும் மேல்.

ஏ9 வீதியின் கதையையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2002 இல் பாதை திறந்தபோது வன்னிக்குள் வாகனம் ஓட்டியவர்களுக்குத் தெரியும், குண்டும் குழியுமான அந்த வீதியில் வேகம் என்ற பேச்சே இல்லை. சில்லு போகும், அச்சு போகும், முன்கண்ணாடி அப்படியே இருக்கும். 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது. போர் முடிந்த பின்னர் திறந்து, காப்பெற் போட்டார்கள். வேகம் வந்தது. கூடவே வீடு, பாலம், மதில், வீதி என்று கட்டுமான வேலைகள் வந்தன, அவற்றுக்கான கல்லும் மணலும் வந்தன.

அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். அது கண்ணாடியை விட மென்மையானது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்துக் கல்குவாரிகளில் உடைக்கிற கருங்கல் அப்படியல்ல. அதில் உள்ள பளிங்குத் துகள்கள் கண்ணாடியை விடக் கடினமானவை, உடைத்த சல்லியின் விளிம்புகளோ கத்தி மாதிரி. உருண்டைக் கல் பட்டால் சில நேரம் சத்தத்தோடு போய்விடும். கூரான சல்லியின் முனை பட்டால் முழு அடியும் ஊசிமுனை அளவான இடத்தில் இறங்குகிறது. சிறிய கூம்பு வடிவில் கண்ணாடி பெயர்ந்து, அதைச் சுற்றி நட்சத்திரம் போல மெல்லிய கீறல்கள் விடுகின்றன.

டிப்பர் மட்டுமே காரணம் என்றும் சொல்லமுடியாது. உள்வீதிகளில் தாரை ஊற்றிச் சல்லியைப் பரவிவிட்டு, உருளையும் ஒழுங்காக ஓட்டாமல், மிஞ்சியதைக் கூட்டி அள்ளாமல் போய்விடுகிறார்கள். கிரவல் ஒழுங்கைகளில் இருந்து காப்பெற் வீதிக்கு ஏறுகிற ஒவ்வொரு உழவு இயந்திரமும் ரயரில் கல்லைக் கொண்டுவந்து இறக்குகிறது. ஒழுங்கைகள் ஏறுகிற இடங்களில் வேகத்தைக் குறைக்கச் சொல்வது ஆடு மாட்டுக்காக மட்டுமல்ல.

வான் ஓடுகிறவர்களுக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. காரின் முன்கண்ணாடி நன்றாகச் சாய்ந்திருக்கும். கல் பட்டாலும் வழுக்கி மேலே போக வாய்ப்பு அதிகம். எங்கள் வான்களின் கண்ணாடி கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கிறது. கல் நேராக வந்து நெஞ்சில் இடிக்கிற மாதிரி. அதே வீதியில் கார்க்காரருக்கு ஒன்றும் ஆகாமல் எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சாதகத்தைப் பார்க்கத் தேவையில்லை, கண்ணாடியின் சாய்வைப் பார்த்தால் போதும்.

பழைய கண்ணாடி ஏன் இன்னும் இலகுவாக வெடிக்கிறது என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. கிரிபித் என்ற ஆங்கிலேயர் நூறு வருடங்களுக்கு முன்னரே கண்டுசொன்னது இது: கண்ணாடியின் பலத்தைத் தீர்மானிப்பது அதன் மேற்பரப்பில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். வன்னிப் புழுதி படிந்த கண்ணாடியில் தண்ணீர் அடிக்காமல் வைப்பரைப் போட்டால், மணல்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பானது. இறப்பர் காய்ந்துபோன வைப்பர் என்றால் கேட்கவே வேண்டாம். இரவில் எதிர் வாகன வெளிச்சத்தில் உங்கள் கண்ணாடி முழுவதும் மின்னி மின்னித் தெரிகிறதா? அது அத்தனையும் குட்டிக் காயங்கள். அடுத்த கல் அதில் ஒன்றின் மேல் பட்டால் போதும்.

இனி என் முதல் கண்ணாடி எப்படி முடிந்தது என்பதைச் சொல்கிறேன். பயறு அளவுப் பொட்டுத்தானே என்று விட்டுவிட்டேன். இரண்டு கிழமை ஓடினேன். ஒரு நாள் உச்சி வெயிலில் முறிகண்டியில் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, எல்லோரும் கச்சான் வாங்கப் போன நேரத்தில், புழுதி போகட்டும் என்று ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றினேன். கண்ணுக்கு முன்னாலேயே பொட்டில் இருந்து ஒரு கோடு கிளம்பி, வலது பக்க ஓரம்வரை ஓடியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

கையை வைக்க முடியாத அளவு சூடான கண்ணாடி விரிந்து நிற்கும். வெளிப்பக்கம் சட்டென்று குளிரும்போது அது சுருங்க முயல்கிறது, இழுவிசை உண்டாகிறது. நல்ல கண்ணாடி தாங்கும். ஏற்கெனவே பொட்டு இருந்தால் அங்கிருந்துதான் கிழியும். வெயிலில் நின்ற வாகனத்தில் ஏறியவுடன் ஏசியை முழு வேகத்தில் முன்கண்ணாடிக்குத் திருப்புவதும் இதே வேலையைத்தான் உள்ளிருந்து செய்கிறது. முதலில் யன்னல்களைத் திறந்து சூட்டை வெளியே விடுங்கள்.

ஈரமும் ஒரு எதிரி. கீறலின் நுனிக்குள் போகிற நீர் கண்ணாடியின் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். மாரி தொடங்கியதும் பழைய பொட்டுகள் ஓடத் தொடங்குவது சும்மா அல்ல.

கல் பட்ட அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது மிகச் சிறிய வேலை. வாகனத்தை நிறுத்தி, பொட்டை உலர்ந்த துணியால் மெதுவாக ஒற்றி, அதன் மேல் ஒரு துண்டு செலோரேப் ஒட்டுவது. அழுக்கும் தண்ணீரும் உள்ளே போகாது. பிறகு திருத்துகிறவரிடம் கொண்டுபோனால், பொட்டுக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கண்ணாடி போலவே ஒளியைக் கடத்துகிற பிசினைச் செலுத்தி, புறஊதாக் கதிர் விளக்கால் இறுக வைப்பார். அடையாளம் முற்றாக மறையாது, ஆனால் கீறல் ஓடுவது நிற்கும். காயம் வெளிக் கண்ணாடியில் மட்டும் இருக்க வேண்டும், நாணயக் குற்றி அளவுக்குள் இருக்க வேண்டும், ஓரத்தில் இருந்து தள்ளி இருக்க வேண்டும். சாரதியின் பார்வைக்கு நேரே இருந்தால், திருத்திய பின்னும் இரவில் வெளிச்சம் சிதறும். நீண்ட கீறலுக்குப் பிசின் அடிக்கிறோம் என்று யாராவது சொன்னால் காசைப் பொத்திக்கொண்டு வாருங்கள்.

இரண்டாவது கண்ணாடிதான் எனக்குப் பாடம் படிப்பித்தது.

அடுத்த நாள் காலையில் கட்டுநாயக்கா ஹயர் இருந்தது. அவசரம் அவசரமாக ஓரிடத்தில் மலிவாகப் போட்டுக்கொண்டு இரவே வெளிக்கிட்டுவிட்டேன். நாலு மாதம் போயிருக்கும். ஒரு காலை, வீட்டு முற்றத்தில் நின்ற வானில் இடது கீழ் மூலையில் இருந்து வளைந்து வளைந்து ஒரு கீறல். கல் இல்லை, சத்தம் இல்லை, இரவு முழுக்க வான் அசையவே இல்லை. நேரே கண்ணாடி வாங்கிய கடைக்குப் போய், போலியை விற்றுவிட்டீர்கள் என்று கத்தினேன். அவர்களும் விடவில்லை, கல் அடித்திருக்கும் என்றார்கள். வாய்த்தர்க்கம் பெரிதாகிப் போனது.

பிறகு வேறொரு கண்ணாடி பொருத்துகிற அண்ணையிடம் போனேன். அவர் கண்ணாடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பேனை ஒன்றை எடுத்து, அதன் முனையைக் கீறலின் தொடக்கத்தில் இருந்து கடைசிவரை மெதுவாக இழுத்தார். "எங்கயாவது தடக்குதோ எண்டு பாருங்கோ. கல் பட்டிருந்தால் கட்டாயம் ஒரு பள்ளம் இருக்கும். இதில பள்ளமே இல்லை. இது ஓரத்தில இருந்து வந்த வெடிப்பு" என்றார். பிறகு கண்ணாடியை அறுத்து எடுத்தார். இறப்பர் விளிம்புக்குக் கீழே, சட்டம் முழுக்கக் கறள். அந்த மூலையில் கறள் பொருமி, கண்ணாடியை உள்ளிருந்து மேலே தள்ளிக்கொண்டிருந்தது. கறளைச் சுரண்டாமல் அதன் மேலேயே பசையைப் பூசியிருந்தார்கள். அது போதாதென்று, "வான் முந்தி எங்கயோ இடிபட்டிருக்குது. இந்தப் பக்கத் தூணை ரிங்கரிங் செய்து நிமித்தியிருக்கினம். முழுசா நேருக்கு வரேல்லை" என்று கையால் தடவிக் காட்டினார்.

நான் வாங்கியது பாவித்த வான். விற்றவர் இடிபட்ட கதையைச் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனிப்பட்ட வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருடமும் நாடு முழுக்கப் பழைய வாகனங்கள்தான் கைமாறிக் கைமாறி ஓடின. அவற்றின் வரலாறு பெயின்றுக்குக் கீழே இருக்கிறது. நேராக இல்லாத சட்டத்தில் எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியைப் போட்டாலும், குழியில் விழுந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் அந்த மூலை முறுகும். கண்ணாடியின் பலவீனமான இடம் எப்போதும் அதன் ஓரம்தான். ஆகவே வெடித்த கண்ணாடியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று சட்டத்தைப் பாருங்கள். கறளைச் சுரண்டி, பூச்சுப் பூசி, காய்ந்த பிறகு புதியதைப் பொருத்தச் சொல்லுங்கள்.

பசை இறுகும்வரை பொறுப்பதும் அவசியம். நான் அன்றிரவே ஓடியதுபோல ஓடக்கூடாது. எவ்வளவு நேரம் என்பது பசையைப் பொறுத்தது, அந்தக் குழாயிலேயே எழுதியிருக்கும், கேட்டுப் பாருங்கள். இது கண்ணாடி வெடிப்பதற்காக மட்டும் சொல்வதல்ல. இன்றைய வாகனங்கள் பலவற்றில் முன் இருக்கைப் பயணிக்கான காற்றுப்பை விரியும்போது முன்கண்ணாடியில் சாய்ந்துதான் நிற்கிறது. பசை பிடிக்காத கண்ணாடி அந்த வேகத்தில் வெளியே போய்விடும், பிறகு காற்றுப்பை இருந்தும் பயன் இல்லை.

போலிக் கண்ணாடியே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தரம் குறைந்தவை சந்தையில் உண்டு. ஓரம் ஒழுங்காகத் தீட்டப்படாதவை, வளைவு சரியாகப் பொருந்தாதவை, ஊடாகப் பார்த்தால் வீதி நெளிந்து தெரிபவை. வாங்குமுன் மூலையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். யப்பான் தரத்தில் வந்ததென்றால் முன்கண்ணாடியில் எல்.பி. என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஐரோப்பியத் தரம் என்றால் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் 43ஆர் என்பதும் இருக்கும். ஒரு முத்திரையும் இல்லாத கண்ணாடியை எந்த மலிவு விலைக்கும் வாங்காதீர்கள். முத்திரையையும் போலியாக அடிக்கலாம் என்பது உண்மைதான், ஆகவே கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்து ஊடாகத் தூரத்தில் ஒரு கம்பத்தைப் பார்த்துத் தலையை அசைத்துப் பாருங்கள். கம்பம் நெளிந்தால் வேண்டாம்.

காப்புறுதி பற்றி ஒரு சொல். மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் உங்கள் கண்ணாடிக்கு ஒரு சதமும் வராது. லீசிங் வாகனங்களுக்கு வழமையாக முழுக் காப்புறுதி இருக்கும், ஆனால் கண்ணாடிக்கு எவ்வளவு, அதைக் கோரினால் அடுத்த வருடக் கழிவு குறையுமா என்பது ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் வேறு. பத்திரத்தை எடுத்து அந்தப் பகுதியை வாசியுங்கள், அல்லது வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றிடம் கொடுங்கள். எங்கள் ஆட்கள் பலர் ஆங்கிலத்தில் இருக்கிற பத்திரத்தில் கையெழுத்து வைத்ததோடு சரி. கல் பட்ட உடனே தொலைபேசியில் படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். முன்னால் போன டிப்பரின் இலக்கமும் தெரிந்தால் நல்லது. அதை வைத்து எவ்வளவு சாதிக்கலாம் என்பது வேறு கதை.

அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, எல்லாரும் அப்பிடித்தான் வாறவை" என்றார்கள். மூன்றாவது கண்ணாடி இப்போது பதினொரு மாதமாக நிற்கிறது. இரண்டு பொட்டுகள் விழுந்தன. இரண்டுக்கும் அதே இடத்தில் நிறுத்தி செலோரேப் ஒட்டினேன், அந்தக் கிழமைக்குள் பிசின் அடித்தாயிற்று. மகரகம போகிற அந்த அம்மா மாதம் ஒருமுறை என்னோடுதான் வருகிறார். இப்போது முன் இருக்கையில் இருக்கச் சம்மதித்திருக்கிறார். முன்னால் டிப்பர் தெரிந்தால் எனக்கு முன்னர் அவரே சொல்லிவிடுவார்: "தம்பி, கொஞ்சம் தள்ளிப் போங்கோ."